டாக்குமென்ட் கேமரா வைத்து வகுப்பு எடுப்பவர்கள்: கடைசி பெஞ்சுக்கும் எழுத்து தெரிய என்ன செய்கிறீர்கள்?

வெண்கட்டி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். 7, 8ஆம் வகுப்புகளுக்குக் கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். வகுப்பறையில் ப்ரொஜெக்டர் முன்பே உண்டு, இப்போது டாக்குமென்ட் கேமரா ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள். சிலர் விசுவலைசர் என்று சொல்வார்களே, அதேதான். மேசையில் நிற்கும், கழுத்தை வளைத்துக் கீழே இருக்கும் தாளைப் பார்க்கும், யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு சேரும் வகை.

ரொம்ப ஆசையாக ஆரம்பித்தேன், ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் ஏதாவது ஒன்று படுத்துகிறது. நோட்டின் முழுப் பக்கத்தையும் வைத்தால் முன்னால் இரண்டு வரிசைக்குத்தான் எழுத்து தெரிகிறது, பின்னால் இருப்பவர்கள் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். எழுதும்போது கை உள்ளே போனால் போதும், படம் மங்கி, தெளிந்து, மறுபடி மங்குகிறது. வெள்ளைத் தாள் திரையில் சாம்பலாகத் தெரிகிறது, அதன்மேல் கறுப்புப் பட்டைகள் மெல்ல மேலிருந்து கீழே நகர்ந்துகொண்டே இருக்கின்றன. போதாததற்கு நான் ஒரு வரி எழுதி முடித்த பிறகுதான் திரையில் பேனா அசைகிறது.

இதெல்லாம் சரியாகிவிட்டாலும் இன்னொரு கேள்வி இருக்கிறது. உட்கார்ந்து தாளில் எழுதுகிறேன், பிள்ளைகள் பார்த்து எழுதுகிறார்கள், அவ்வளவுதான் நடக்கிறது. இதைப் போர்டிலேயே செய்யலாமே என்று உடன் வேலை பார்க்கும் மூத்த ஆசிரியர் கேட்டார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் இதை எதற்கு வைத்துக்கொள்கிறீர்கள், எதற்குத் தொடவே மாட்டீர்கள் என்று அனுபவத்திலிருந்து சொன்னால் உதவியாக இருக்கும்.

ஏவி அறை எழுதியது:

மேடம், நீங்கள் சொன்ன எதுவும் கேமராவின் பழுது மாதிரி தெரியவில்லை. அநேகமாக எல்லாமே அமைப்பை மாற்றினால் தீரும்.

முதலில் எழுத்தின் அளவு. திரையில் விழும் படத்தின் உயரம் 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ4 தாளை நெட்டுவாக்கில் முழுசாகக் காட்டினால் 297 மி.மீ. அந்த 1.2 மீட்டரில் அடங்க வேண்டும், அதாவது சுமார் 4 மடங்கு பெரிதாகிறது. நாம் நோட்டில் எழுதும் 4 மி.மீ. எழுத்து திரையில் 16 மி.மீ. அறையின் பின்பக்கத்திலிருந்து யாராலும் அதைப் படிக்க முடியாது, 4கே கேமரா வாங்கினாலும் முடியாது. கேமராவைக் கீழே இறக்கியோ ஜூம் செய்தோ 10 செ.மீ. உயரப் பகுதியை மட்டும் காட்டுங்கள், அதே எழுத்து 48 மி.மீ. ஆகிவிடும். 16:9 படத்தில் அப்போது அகலம் கிட்டத்தட்ட 18 செ.மீ. கிடைக்கும், ஒரு கணக்கை நான்கைந்து வரியில் எழுத அது தாராளம். அந்தக் கட்டத்தின் நான்கு மூலைகளையும் மேசையில் டேப் ஒட்டிக் குறித்து வைத்துவிடுங்கள். அப்புறம் தாளை நகர்த்தினால் போதும், கேமராவைத் தொடவே வேண்டாம். எழுத 1 மி.மீ. ஜெல் பேனாவோ மெல்லிய ஸ்கெட்ச் பேனாவோ எடுத்துக்கொள்ளுங்கள். பென்சில் கோடு வெளிச்சத்தில் பளபளத்து மறைந்துவிடும்.

படம் மங்குவது ஆட்டோஃபோகஸ் வேலை. கை உள்ளே வந்ததும் அது கையைப் பிடிக்கப் பார்க்கிறது, கை போனதும் தாளைத் தேடுகிறது. தாளில் ஒருமுறை ஃபோகஸ் செய்துவிட்டு ஆட்டோவை அணைத்துவிடுங்கள். சில கேமராக்களில் இதற்கென்றே பட்டன் உண்டு, இல்லாவிட்டால் மென்பொருளில் இருக்கும். தாள் சாம்பலாகத் தெரிவதும் இதே மாதிரிதான். படம் முழுக்க வெள்ளையாக இருந்தால் ஆட்டோ எக்ஸ்போஷர், அதாவது வெளிச்சத்தைக் கேமராவே கூட்டிக் குறைக்கும் அமைப்பு, அதை அதிக வெளிச்சம் என்று எண்ணிக் குறைத்துவிடும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் ஏற்றி அப்படியே பூட்டிவிடுங்கள்.

நகரும் பட்டைகள் விளக்கால் வருபவை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கேமரா படத்தை வரி வரியாக எடுப்பதால் அதற்குத் தெரிந்துவிடும். அமைப்பில் ஃபிளிக்கர் அல்லது பவர்லைன் ஃப்ரீக்வென்சி என்று ஒன்று இருக்கும், உங்கள் ஊர் மின்சாரத்துக்கு ஏற்றபடி 50 அல்லது 60 என்று மாற்றினால் பட்டை போய்விடும்.

தாமதத்துக்குக் கணக்கு எளிது. 1080பி படத்தைச் சுருக்காமல் விநாடிக்கு 30 முறை அனுப்பினால் ஏறத்தாழ 1000 மெகாபிட் வேண்டும், யுஎஸ்பி 2.0 கேபிளின் உச்சமே 480. அதனால் ஒய்யூஒய்2 என்ற சுருக்காத வடிவத்தில் இருந்தால் படம் இழுத்து இழுத்துத்தான் வரும். எம்-ஜேபெக் என்ற சுருக்கி அனுப்பும் வடிவத்துக்கு மாற்றுங்கள், தேவைப்பட்டால் 720பிக்கும் இறங்குங்கள். வகுப்பறை ப்ரொஜெக்டர்கள் பலவும் 1024×768 அல்லது 1280×800தான், அதில் வித்தியாசமே தெரியாது. லேப்டாப்பிலிருந்து ப்ரொஜெக்டருக்கு வைஃபையில் அனுப்புகிறீர்கள் என்றால் தாமதம் அங்கேயும் சேரும், எச்டிஎம்ஐ கேபிள் போட்டுவிடுங்கள்.

நாலாவது பீரியட் எழுதியது:

மேலே சார் கருவியைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார், நான் உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அந்த மூத்த ஆசிரியர் கேட்டது நியாயமான கேள்விதான். போர்டில் எழுதுவதையே தாளில் எழுதிக் காட்டுவதற்கு இந்தக் கருவி தேவையே இல்லை. போர்டால் செய்யவே முடியாத ஒன்று இருக்கிறது, ஒரு பிள்ளையின் நோட்டை எடுத்து அரை நிமிடத்தில் வகுப்பு முழுவதுக்கும் காட்டுவது. என் வகுப்பில் கேமரா இருப்பதே அதற்காகத்தான்.

எப்படி என்றால், ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு மேசை மேசையாகச் சுற்றி வருவேன். யார் முடித்தார்கள் என்பதை விட யார் எந்த வழியில் போகிறார்கள் என்பதில்தான் கண் இருக்கும். உதாரணத்துக்கு 1/2 + 1/3. ஒரு நோட்டில் 2/5 என்று இருக்கும், மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருப்பார்கள், ஒவ்வொரு வருடமும் பத்துப் பேராவது இதைச் செய்வார்கள். இன்னொரு நோட்டில் 3/6 + 2/6 என்று மாற்றி 5/6 வந்திருக்கும். வேறொருவர் இரண்டு செவ்வகம் வரைந்து நிழல் போட்டிருப்பார், விடையே எழுதியிருக்க மாட்டார். இந்த மூன்றையும் கேமராவுக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நான் வாயைத் திறப்பதில்லை. 2/5 என்பது 1/2ஐ விடப் பெரியதா சிறியதா என்ற ஒரே கேள்விதான் கேட்பேன். பாதியோடு இன்னும் கொஞ்சத்தைக் கூட்டினால் பாதியை விடக் குறைவாக எப்படி வரும் என்று பிள்ளைகளே சண்டை போட ஆரம்பித்துவிடுவார்கள். அந்தச் சத்தத்தை நான் அடக்க மாட்டேன். அந்தச் செவ்வகம் வரைந்த பிள்ளையை அழைத்து, படத்தை வைத்தே விளக்கச் சொல்வேன். விடை எழுதாத நோட்டு அன்றைக்கு வகுப்பின் நடுநாயகமாகிவிடும், அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இதில் சில விஷயங்களில் நான் கறாராக இருப்பேன். நோட்டைக் கேட்டு வாங்குவேன், பிடுங்க மாட்டேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன். பெயர் தெரியும் பக்கத்தைக் காட்ட மாட்டேன். தவறான விடையைக் காட்டினால் அதே பிள்ளை சரியாகச் செய்த இடத்தையும் சேர்த்துக் காட்டுவேன். கையெழுத்து மோசம் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுவேன், கையெழுத்தைப் பற்றிய பேச்சே அங்கே கூடாது. ஆண்டின் தொடக்கத்தில் இதைப் பழக்கிவிட்டால் பிறகு அவர்களே என்னுடையதை வையுங்கள் டீச்சர் என்று நீட்டுவார்கள்.

இன்னொன்று, ஃப்ரீஸ் பட்டன். கேள்வியைத் திரையில் நிறுத்திவிட்டு, அவர்கள் யோசிக்கும் நேரத்தில் நான் அடுத்த நோட்டைக் கீழே வைத்துத் தயாராகிவிடுவேன். தாளை மாற்றும் கையின் அசைவு திரையில் தெரியாமல் இருப்பதே பிள்ளைகளின் கவனத்துக்குப் பெரிய உதவி.

கரும்பலகை எழுதியது:

மாற்றுக் கருத்து ஒன்று சொல்லலாமா. நான் இந்தக் கருவிக்கு எதிரி இல்லை, ஓவர்ஹெட் ப்ரொஜெக்டரில் கண்ணாடித்தாள் வைத்துப் பாடம் எடுத்த காலத்திலிருந்து இதையெல்லாம் பார்த்து வருகிறேன். 1988இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த ஃபோட்டோகினா கண்காட்சியில்தான் எல்மோ, உல்ஃப்விஷன் இரண்டு நிறுவனங்களும் இந்த வகைக் கேமராவை முதலில் கொண்டுவந்தன. அன்றிலிருந்து இன்றுவரை மாறாத ஒரு குறை இதில் இருக்கிறது. தாளை நகர்த்தினால் முந்தைய வரி போய்விடும்.

ஏவி அறை சொன்ன 10 செ.மீ. கட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து பெரிதாகத் தெரியும், சரி. ஆனால் ஒரு நிரூபணம் பத்து வரி போகிறது என்றால் ஆறாவது வரி எழுதும்போது முதல் வரி திரையில் இருக்காது. போர்டில் இடது ஓரத்தில் எழுதிய தரவு பாடம் முடியும் வரை அங்கேயே இருக்கும். மெதுவாகப் போகும் பிள்ளை ஐந்தாவது வரியில் தடுக்கினால் மேலே பார்த்து இரண்டாவது வரியைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் திரும்பிப் பார்க்கும் வசதியை எடுத்துவிட்டால் முதலில் கழன்றுகொள்வது அந்தப் பிள்ளைதான், அது வாய் திறந்து கேட்கவும் கேட்காது.

இன்னொரு விஷயம், உட்கார்ந்து எழுதும்போது தலை குனிந்தே இருக்கும். முன்னால் இருக்கும் முகங்களைப் பார்ப்பது நின்றுவிடும். புரியவில்லை என்பதைப் பிள்ளைகள் புருவத்தில்தான் முதலில் சொல்வார்கள்.

ஆகவே வெண்கட்டி மேடம், உங்கள் சக ஆசிரியர் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். நீண்ட வழிமுறை, சூத்திரம், அன்றைய பாடத்தின் எலும்புக்கூடு எல்லாம் போர்டில். நோட்டு, படம், கருவி, கையின் அசைவு கேமராவில். திரை விழும் இடம் போர்டை மறைத்தால் திரையை ஒரு பக்கமாக நகர்த்தச் சொல்லுங்கள், பாதி போர்டாவது கையில் இருக்க வேண்டும்.

நாலாவது பீரியட் எழுதியது:

கரும்பலகை சார் சொல்வதில் முதல் பாதிக்கு முழுச் சம்மதம். முகம் பார்ப்பது பற்றி மட்டும் ஒன்று. மேசையை வகுப்பைப் பார்த்தபடி போட்டுவிட்டால் ஒரு வரி எழுதிவிட்டுக் கண்ணை உயர்த்தினாலே எல்லோரும் தெரிவார்கள். போர்டில் எழுதும்போது நாம் முதுகைத்தானே காட்டுகிறோம். சுவரைப் பார்த்த மாதிரி மேசை போட்டிருந்தால்தான் நீங்கள் சொல்லும் பிரச்சினை வரும்.

ஆய்வக மேசை எழுதியது:

அறிவியலும் எடுக்கிறீர்கள் என்றதால் வந்தேன். கேமரா தன் முழு உருவத்தைக் காட்டுவது அங்கேதான்.

வெர்னியர் அளவியை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக ஒரு அளவியைச் சுற்றி ஆறு பேர் தலையை முட்டிக்கொண்டு நிற்பார்கள், இரண்டு பேருக்குத் தெரியும், மற்றவர்கள் விடையை மட்டும் பார்த்து எழுதுவார்கள். கேமராவுக்குக் கீழே வைத்து வெர்னியர் அளவுகோல் மட்டும் திரையை நிரப்பும்படி நெருங்கிப் போனால், முதன்மை அளவுகோலின் 9 பிரிவுக்குள் வெர்னியரின் 10 பிரிவு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது கடைசி பெஞ்சுக்கும் தெரியும். மீச்சிற்றளவு, அதாவது அந்த அளவியால் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு, 0.1 மி.மீ. ஏன் வருகிறது என்று சூத்திரம் சொல்லாமலே பேசலாம். நான் தாடையை மெதுவாக நகர்த்திக்கொண்டே வருவேன், எந்தக் கோடு எந்தக் கோட்டோடு நேராக நிற்கிறது என்று வகுப்பே சத்தமாகச் சொல்லும், மூன்று, நான்கு, ஐந்து என்று அது ஒவ்வொன்றாக ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அதற்குப் பிறகு அளவி பயமே இல்லை.

ஆனால் ஒன்று கவனியுங்கள். படிக்க வேண்டிய கோடு லென்ஸுக்கு நேர் கீழே, படத்தின் நடுவில் இருக்க வேண்டும். ஓரத்தில் இருந்தால் கேமரா அதைச் சாய்வாகப் பார்க்கும், இடமாறு தோற்றப் பிழை திரையிலேயே வந்துவிடும். நான் இதையே பாடமாக்கிவிடுகிறேன். அளவுகோலுக்குச் சற்று மேலே முள்ளைப் பிடித்து முதலில் நடுவில் வைத்துப் படிக்கச் சொல்வது, அப்படியே ஓரத்துக்கு நகர்த்தி மறுபடி படிக்கச் சொல்வது. அளவு மாறுவதை எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள். கோட்டுக்கு நேர் மேலே கண்ணை வைத்துப் படி என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறாதது இதில் ஏறிவிடும்.

உலோக அளவுகோல், லேமினேட் செய்த படம், வழவழப்பான பாடப்புத்தகத் தாள் இவற்றில் வெளிச்சம் அடித்துப் பளீரென்று ஒரு திட்டு வரும். கேமராவின் சொந்த விளக்கை அணைத்துவிட்டு, மேசை விளக்கைப் பக்கவாட்டில் 45 டிகிரி சாய்வில் வையுங்கள், திட்டு போய்விடும். பூவைப் பிரித்துக் காட்டும்போது கறுப்பு அட்டையின் மேல் வையுங்கள், மகரந்தத்தாள் தனித்துத் தெரியும்.

வெண்கட்டி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பட்டை போய்விட்டது. 60 என்று இருந்தது, 50 என்று மாற்றியதும் அந்த நொடியே நின்றது. மேசையில் டேப் ஒட்டினேன், கடைசி வரிசையில் இருந்து ஒரு பையன் இப்போதுதான் மிஸ் தெரியுது என்றான். நாளைக்குப் பின்னக் கணக்குக்கு மூன்று நோட்டு முறையைச் செய்யப் போகிறேன்.

இரண்டு கேள்வி மிச்சம் இருக்கிறது. கேமராவோடு வந்த மென்பொருளில் ஃபோகஸைப் பூட்டும் இடமே இல்லை. அப்புறம், பக்கத்து வகுப்பு டீச்சருக்குக் கேமரா கிடைக்கவில்லை, போனை வைத்து இதே மாதிரி செய்ய முடியுமா என்று கேட்கிறார்.

ஏவி அறை எழுதியது:

ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். இந்தக் கேமராக்கள் பெரும்பாலும் சாதாரண வெப்கேம் மாதிரியே லேப்டாப்புக்குத் தெரியும், தனி டிரைவர் எதுவும் தேவைப்படாது. அதில் வீடியோ கேப்சர் டிவைஸ் என்று கேமராவைச் சேர்த்து, அதன் பண்புகளில் கான்ஃபிகர் வீடியோ என்பதை அழுத்தினால் விண்டோஸில் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். கேமரா இடம் கொடுத்தால் ஃபோகஸ், எக்ஸ்போஷர் இரண்டுக்கும் ஆட்டோ என்ற டிக் அங்கே இருக்கும், எடுத்துவிடுங்கள். எம்-ஜேபெக் தேர்வும் அதே பண்புகள் பக்கத்தில்தான். படம் தலைகீழாக வந்தால் 180 டிகிரி சுழற்றுங்கள், ஃபிளிப் கொடுக்காதீர்கள், எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போல் திரும்பிவிடும். கடைசியாக வலது கிளிக் செய்து ஃபுல்ஸ்கிரீன் ப்ரொஜெக்டர் கொடுத்தால் திரையில் படம் மட்டும் போகும், பட்டன்கள் எதுவும் தெரியாது.

போனில் தாராளமாகச் செய்யலாம். பின்பக்கக் கேமராவைப் பயன்படுத்தச் சொல்லுங்கள், செல்ஃபி கேமரா வேண்டாம். டிராய்ட்கேம் போன்ற செயலியை யுஎஸ்பி கேபிள் வழியாக இணைத்தால் வைஃபையை விடத் தாமதம் குறைவு. ஆண்ட்ராய்டு 14 அல்லது அதற்கு மேல் உள்ள சில போன்களில் செயலி இல்லாமலே வெப்கேமாக மாற்றும் தேர்வு இருக்கிறது. முக்கியமானது ஸ்டாண்ட். வளையும் கழுத்து ஸ்டாண்டில் போனின் எடைக்குக் கழுத்து மெல்லத் தொங்கும், மேசையில் எழுதும் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் படம் ஆடும். கனமான அடிப்பாகம் உள்ளதை வாங்கி, முடிந்தால் எழுதும் மேசையில் வைக்காமல் பக்கத்தில் வேறொரு ஸ்டூலில் நிறுத்தச் சொல்லுங்கள். அழைப்பும் செய்திகளும் திரையில் வராமல் இருக்க ஏரோப்ளேன் மோடும் போட்டுவிட வேண்டும்.

ஆனா ஆவன்னா எழுதியது:

பக்கத்து வகுப்பு டீச்சர் சின்னப் பிள்ளைகளுக்கு எடுப்பவராக இருந்தால் இதையும் சொல்லுங்கள். நான் 1ஆம் வகுப்பு. எழுத்தின் உருவத்தைப் போர்டில் காட்டலாம், ஆனால் பென்சில் எங்கே தொடங்கி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் போர்டில் காட்டும்போது நம் தோளே மறைத்துவிடும். ழ எழுதுவதைக் கேமராவில் ஒருமுறை மெதுவாகக் காட்டிப் பாருங்கள். கடைசி வளைவைக் கீழே கொண்டுபோய் எந்தப் பக்கம் சுழிக்க வேண்டும் என்பதில்தான் பாதிப் பிள்ளைகள் தடுமாறுவார்கள், அந்த இடத்தில் பென்சிலை நிறுத்தி எந்தப் பக்கம் போகட்டும் என்று கேட்டால் முப்பது விரலும் காற்றில் வளைந்து காட்டும்.

கேமராவின் கால் எழுதாத கையின் பக்கம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு வரிக்கும் முழங்கை இடிக்கும். வலது கைக்காரருக்கு இடது பக்கம். விளக்கும் அதே பக்கத்திலிருந்து வந்தால் எழுதும் இடத்தில் கையின் நிழல் விழாது. நான் இடது கைக்காரி, என் மேசையில் எல்லாமே வலப்பக்கம். அடுத்த பீரியட் வருபவர் வலது கை என்பதால் இருவரும் தரையில் தனித்தனி நிறத்தில் குறி போட்டிருக்கிறோம், மேசையோடு திருப்பிக்கொள்வோம்.